குளிமுறிக்கு ஒரு கொண்டி

"எந்தக் கை முதலில் விறைக்கும்?" என்று டாக்டர் கேட்டார்.

தொண்ணூற்றேழாம் வருடம், ஜூன் மாதம். வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது. திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் மேசைக்கு இந்தப் பக்கம் மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வலிப்பு நோய்க்காரி விமலகுமாரி, அவள் அம்மா சரோஜம், சரோஜத்தின் தங்கை மகள் ஷீனா. டாக்டர் மலையாளத்தில் கேட்டார், சரோஜம் பாறசாலைத் தமிழில் பதில் சொன்னாள். அதில் இருவருக்கும் ஒரு சிரமமும் இல்லை. ஷீனாவைக் கூட்டி வந்தது எழுதுவதற்காக. பத்துவரை தமிழ்ப் பள்ளியிலும் பிறகு மலையாளத்திலும் படித்தவள். எந்த மொழியில் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் நிரப்பித் தந்துவிடுவாள். வாயைத் திறக்கச் சொன்னால்தான் அவளுக்குக் கஷ்டம்.

"அதெங்ஙன டாக்டரே சொல்லுவேன்? தீனம் வந்த உடனே நான் தாக்கோலைக் கையில வச்சு, ரெண்டு கையையும் சேத்துப் பிடிச்சிருவேன்," என்றாள் சரோஜம்.

"தாக்கோலா?"

சரோஜம் மடியிலிருந்து எடுத்துக் காட்டினாள். நடுவிரல் நீளத்துக்கு ஒரு இரும்புச் சாவி. அது திறந்த பெட்டி வீட்டைவிட்டுப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. வலிப்பு வருகிறவர் கையில் இரும்பைத் திணித்தால் அடங்கும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. டாக்டர் சாவியை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். சிரிக்கவில்லை.

"இவளுடைய அப்பா கண்டிருப்பாரா?"

"அவரு அந்நேரம் சந்தையில நிப்பாரு. மரச்சீனிக் கிழங்கு யாவாரமாக்கும்."

டாக்டர் ஷீனாவைப் பார்த்தார். ஷீனா யோசித்தாள். வலிப்பு வரும்போது பத்துப் பதினைந்து தடவையாவது அவள் அந்த அறையில் இருந்திருக்கிறாள்.

"நான் பெரியம்மாவின் முதுகைத்தான் கண்டிருக்கேன் சார்."

"சரி. விமலா, உனக்குத் தெரியுமா?"

"எனக்கு எங்ஙன சார் தெரியும்? நான் அப்ப அங்க இல்லியே."

இப்போது டாக்டர் சிரித்தார். ஒரு தாளை இழுத்து, ஒரு தலையை வரைந்து, காதுக்கு உள்பக்கமாக ஒரு சின்ன வட்டம் போட்டார். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இந்த இடத்தில் தழும்பு விழுந்திருக்கலாம். வலிப்பு இங்கிருந்துதான் கிளம்புகிறது என்று தோன்றுகிறது. ஸ்கேனில் வலது பக்கம் ஒரு சந்தேகம் தெரிகிறது, ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு தலையைத் திறக்க முடியாது. இடது கை விறைத்தால் கோளாறு வலது பக்கம். வலது பக்கம் என்றால் பேச்சுக்கு ஆபத்து குறைவு, தழும்பு விழுந்த துண்டை எடுத்துவிடலாம். எந்தக் கை விறைக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கிடத்தி, தலையில் கம்பி ஒட்டி, காமிராவை வைத்து, மாத்திரையைக் குறைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

"என்னத்துக்குக் காத்திருக்கணும்?" என்றாள் சரோஜம்.

"வலிப்பு வருவதற்கு அம்மே. இரண்டு மூன்றாவது வர வேண்டும். வரவில்லை என்றால் ஆப்பரேசன் இல்லை."

சரோஜம் சாவியை மடியில் செருகிக்கொண்டாள்.

கடைசியாக டாக்டர் விமலாவிடம் கேட்டார். "இந்த நோய் மாறினால் முதலில் என்ன செய்யணும் என்று ஆசை?"

"அவளுக்கு ஒரு கல்யாணம்..." என்று சரோஜம் தொடங்கினாள்.

"அம்மா, அவரு என்கிட்டயாக்கும் கேட்டாரு." விமலா டாக்டர் பக்கம் திரும்பினாள். "குளிமுறிக்கு ஒரு கொண்டி போடணும் சார். உள்ள இருந்து."

குளியலறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் என்று டாக்டர் அதைக் கோப்பில் எழுதிக்கொண்டார். விளையாட்டுக்கு அல்ல, உண்மையாகவே எழுதினார். எதிர்ப்பக்கத்திலிருந்து ஷீனா அதைத் தலைகீழாக வாசித்தாள்.

விமலகுமாரிக்கு அப்போது இருபத்தாறு வயது. வீடு குளத்தூர்ப் பக்கம். இரண்டு வயதில் காய்ச்சலோடு வந்த ஜன்னி அரைமணி நேரம் நிற்கவில்லையாம். பிறகு பத்து வருடம் ஒன்றும் இல்லை. ஏழாம் வகுப்பில், கணக்குப் பாடத்தின் நடுவில், அவள் பெஞ்சைவிட்டு எழுந்து வெறும் வாயை மென்றுகொண்டு ஜன்னல் வரைக்கும் நடந்துபோனாள். வகுப்பு சிரித்தது. டீச்சர் அடித்தாள். அடித்ததும் நடந்ததும் விமலாவுக்குத் தெரியாது. அதோடு பள்ளி நின்றது.

மற்றவர்கள் நினைப்பதுபோல நுரை தள்ளிக் கீழே விழுந்து துடிக்கிற வலிப்பு அவளுக்கு எப்போதாவதுதான். வழக்கமாக வயிற்றுக்குள்ளிருந்து ஏதோ மேலே ஏறி வரும். ஊஞ்சல் உச்சியிலிருந்து இறங்கும்போது ஏறுமே, அதுபோல. "வருது" என்பாள். அப்புறம் பார்வை நின்றுவிடும். கூப்பிட்டால் கேட்காது. இரண்டு நிமிடம் கழித்துத் திரும்பி வந்து, பாதியில் விட்ட பேச்சைத் தேடுவாள். சரடு கட்டினார்கள், மருந்து அரைத்துக் கொடுத்தார்கள், பிறகு இங்கிலீஷ் மாத்திரை ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறியது. ஈறு தடித்தது, எந்நேரமும் தூக்கம் வந்தது. வலிப்பு மட்டும் வாரத்துக்கு இரண்டு மூன்று என்ற வழக்கத்தை விடவில்லை.

உச்சக்கடையில் ஒரு தையல்கடைக்கு அவள் ஜாக்கெட்டுகளுக்கு ஹூக் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சில நாள் ஹூக் தப்பான பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். கடைக்காரர் திருப்பி அனுப்பினால் விமலா பார்த்துவிட்டு, "இது நான் வச்சதில்ல, மற்றவ வச்சது," என்பாள். வலிப்பு நேரத்து விமலாவுக்கு அவள் வைத்த பெயர் அது. மற்றவள். ஊரே கண்டிருக்கிற, அவள் மட்டும் காணாத ஒருத்தி.

பதினைந்து வயதில் ஒருநாள் குளிமுறியைத் தாழிட்டுக்கொண்டு குளிக்கும்போது மற்றவள் வந்துவிட்டாள். செம்பு உருளுகிற சத்தம் கேட்டு அவள் அப்பா பொன்னப்பன் கதவை இடித்துத் திறந்தார். நெற்றியில் ஐந்து தையல். அன்று சாயந்திரமே அவர் கொண்டியைக் கழற்றிவிட்டார். அதற்குப் பிறகு பதினோரு வருடம் அந்தக் கதவு முழுதாகச் சாத்தியதில்லை. வெளியே துணி துவைக்கிற கல்லில் சரோஜம் உட்கார்ந்துகொள்வாள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை "மக்கா" என்பாள். உள்ளேயிருந்து "ம்" வர வேண்டும். தாமதித்தால் கதவு திறந்துவிடும்.

"ம்" சொல்லிச் சொல்லி விமலாவுக்கு அலுத்துப்போயிற்று. ஒருநாள், திருவனந்தபுரத்திலிருந்து வரும் பஸ் கண்டக்டர் குரலில், "பாலராமபுரம்" என்றாள். அடுத்த "மக்கா"வுக்கு "நெய்யாற்றின்கரை". பிறகு "அமரவிளை". சோப்புப் போடும்போது "உதியன்குளங்கரை". தலையைத் துவட்டிக்கொண்டே, "பாறசாலை, பாறசாலை, எல்லாரும் இறங்கணும்" என்று வெளியே வருவாள். சரோஜத்துக்கும் அது சௌகரியமாகிவிட்டது. அமரவிளை கேட்டால் போய் அடுப்பில் அரிசியைப் போடலாம் என்று கணக்கு. கேட்டுக்கொண்டிருக்கும்போது ஷீனாவுக்குச் சிரிப்பு வரும். வீட்டுக்குப் போகும் வழியில் அந்தச் சிரிப்பு இருக்காது.

ஆகஸ்டில் படுக்கை கிடைத்தது. பத்து நாள். விமலாவின் தலையில் இருபதுக்கு மேல் கம்பிகளைப் பசைபோட்டு ஒட்டித் துணியால் சுற்றினார்கள். கட்டிலுக்கு நேரே சுவரில் காமிரா. மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தார்கள். சரோஜமும் ஷீனாவும் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துக்கொண்டார்கள். வருவதையும் போவதையும் நேரம் போட்டு எழுத ஷீனாவிடம் ஒரு நோட்டு கொடுத்திருந்தார்கள்.

முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. நாலாம் நாள் நோட்டில் எழுத ஒன்றும் இல்லாமல் ஷீனா மழை பெய்ததை எழுதினாள். வீட்டில் வாரம் மூன்று தடவை கேளாமல் வந்தது, இங்கே காமிராவைக் கண்டு ஒளிந்துகொண்டது.

"மற்றவளுக்கு வெக்கமாக்கும்," என்றாள் விமலா. "போட்டோ எடுக்கப் போறாங்கன்னா கொஞ்சம் பவுடர் போட்டுத் தரணும்."

ஆறாம் நாள் காலையில் டாக்டர் வந்தபோது அவள் வேடிக்கை பேசவில்லை. திங்கட்கிழமை வேறொருவருக்கு இந்தக் கட்டில் கொடுத்தாயிற்று என்று டாக்டர் சொன்னார். அதற்குள் வராவிட்டால் வீட்டுக்குப் போய், அடுத்த முறைக்கு எட்டு மாதமாவது காத்திருக்க வேண்டும். அவர் போனபிறகு விமலா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சரோஜத்தின் முகத்தில் மட்டும் என்னவோ ஒரு தெளிச்சல். "ஆஸ்பத்திரிக் காத்துக்கே பிள்ளைக்குச் சொகமாயிட்டு வருது," என்றாள்.

அன்று மத்தியானம் ஷீனா சீப்பு எடுப்பதற்காகப் பெரியம்மாவின் பையைத் திறந்தாள். அடியில் ஒரு காகித மடிப்பு. உள்ளே ஒரு கரண்டியும் பாதி காலியான மாத்திரை அட்டையும். கரண்டியின் முதுகில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. வீட்டில் மீந்த பழைய மாத்திரை. பெரியம்மா வேளாவேளைக்கு விமலாவுக்கு மட்டும் கஞ்சியைத் தனியாக எடுத்து, மறைவாகத் திரும்பி நின்று, நாரத்தங்காய் ஊறுகாயைக் கூடுதலாகப் பிசைந்து கொடுத்தது ஏன் என்று அப்போது அவளுக்குப் புரிந்தது.

அவள் டாக்டரிடம் போகவில்லை. சிஸ்டரிடமும் போகவில்லை. பாத்திரம் கழுவுகிற இடத்தில் பெரியம்மா தனியாக நின்றபோது கரண்டியையும் அட்டையையும் கொண்டுபோய் நீட்டினாள்.

சரோஜம் அதை வாங்கவில்லை. குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"பதினாலு வருசமா ஒரு கோயில் விடாம கும்பிட்டது எதுக்கு? வரப்பிடாதுன்னு. இப்பம் இங்க வந்து இருந்துகிட்டு, வா வான்னு அதைக் கூப்பிட என்னைக்கொண்டு ஆவுமா மக்கா? மாத்திரை இல்லாத அவ கிடக்கது கண்டா எனக்குக் கஞ்சி இறங்கல்ல."

ஷீனா அதுவரை பெரியம்மாவிடம் நீளமாக எதுவும் பேசியதில்லை.

"பெரியம்மா, படம் கிடைக்கல்லேன்னா ஆப்பரேசன் இல்ல. ஆப்பரேசன் இல்லேன்னா நீங்க அந்தக் கல்லுமேலதான் இருப்பீங்க. உங்களுக்குப் பிறகு அந்தக் கல்லுமேல யாரு வந்து இருப்பா?"

தண்ணீர் பாத்திரம் நிறைந்து வழிந்தது. சரோஜம் குழாயை மூடினாள். கையைச் சேலையில் துடைத்தாள். கரண்டியையும் அட்டையையும் வாங்கிக்கொண்டு நேராகச் சிஸ்டரின் மேசைக்குப் போனாள்.

சிஸ்டர் அட்டையில் காலியான இடங்களை எண்ணினாள். பிறகு, "ஒரு நாளைக்கு எத்தனை அம்மே?" என்று கேட்டாள்.

"ரெண்டு. காலத்த ஒண்ணு, அந்திக்கு ஒண்ணு."

சிஸ்டர் அதைக் கோப்பில் குறித்துக்கொண்டாள். ஏசவில்லை. அதுதான் சரோஜத்தை அழவைத்தது. சிஸ்டர் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, மூன்று காரியம் சொல்லிக் கொடுத்தாள். வந்தால் மணியை அமுக்க வேண்டும். காமிராவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் நிற்கக் கூடாது. கையைத் தொடக் கூடாது.

"தாக்கோலு?"

"அது உங்க கையிலேயே இருக்கட்டும்."

"கட்டில்ல இருந்து விழுந்துட்டான்னா?"

"ரெண்டு பக்கமும் கம்பி இருக்கு அம்மே. நாங்களும் ஓடி வருவோம்."

அன்று அந்திக் கஞ்சியைக் குடித்துவிட்டு விமலா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "இத்தனை நாளா நாரத்தங்காய்தான் கசக்குதுன்னு நெனச்சேன்," என்றாள். யார் முகத்தையும் பார்த்துச் சொல்லவில்லை.

எட்டாம் நாள் மாலை நாலு மணிக்கு, டீக்குடிக்கிற நேரத்தில், விமலா தம்ளரைப் பாதியில் நிறுத்தி, "ஷீனா, வருது" என்றாள்.

ஷீனா தம்ளரை வாங்கி வைத்துவிட்டு மணியை அமுக்கினாள். சரோஜம் எழுந்தாயிற்று. சாவி கையில். கட்டிலை நோக்கி இரண்டு எட்டு வைத்தவள், மூன்றாவது எட்டை வைக்காமல் நின்றாள். பிறகு பின்னால் நடந்து, சுவரில் முதுகு தட்டும் வரைக்கும் நடந்து, அங்கேயே ஒட்டிக்கொண்டாள்.

ஷீனா முதல்முறையாகப் பார்த்தாள். நடுவில் பெரியம்மாவின் முதுகு இல்லை. விமலாவின் கண்கள் திறந்திருந்தன. வெறும் வாய் மென்றுகொண்டிருந்தது. வலது கை போர்வையின் ஓரத்தைப் பிடித்து, ஹூக் வைக்க இடம் தேடுவதுபோல மடித்தது, நீவியது, மறுபடியும் மடித்தது. இடது கை மெதுவாக மேலே எழும்பியது. விரல்கள் முறுக்கிக்கொண்டன, மணிக்கட்டு வளைந்து விறைத்து அப்படியே நின்றது. பயங்கரமாக ஒன்றும் இல்லை. கனவு காண்கிற குழந்தையைப் பார்ப்பதுபோல இருந்தது. இதைத்தானா இத்தனை வருடம் நமக்குக் காட்டாமல் மறைத்தார்கள் என்று ஷீனா நினைத்துக்கொண்டாள். ஓடி வந்த சிஸ்டர், "விமலா, என் பேரு என்ன? கையைத் தூக்கு," என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஷீனா கடிகாரத்தைப் பார்த்து எழுதினாள். ஒரு நிமிடம், நாற்பது வினாடி.

இடது கை தளர்ந்து விழுந்தது. விமலா மூச்சை இழுத்துவிட்டாள். உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டும் காலி.

"தாக்கோல் எங்க?" என்றாள்.

சுவரோடு நின்ற சரோஜம் கையை விரித்தாள். சாவி இறுகிப் பதிந்த இடம் சிவந்து பள்ளமாகியிருந்தது.

மறுநாள் இன்னும் இரண்டு வந்தன, மூன்றிலும் இடது கைதான். டாக்டர் விமலாவை ஒரு டி.வி. பெட்டிக்கு முன்னால் உட்காரவைத்துப் படத்தைப் போட்டுக் காட்டினார். பயமாக இருந்தால் பார்க்க வேண்டாம் என்றும் சொன்னார். விமலா முழுவதும் பார்த்தாள். ஆனால் கட்டிலில் கிடந்தவளை அவள் சரியாகப் பார்த்ததாகத் தெரியவில்லை. படத்தின் ஓரத்தில் ஒரு சேலைத்தலைப்பும், சாவியை இறுக்கியபடி நடுங்குகிற ஒரு கையும் தெரிந்துகொண்டிருந்தன. அவள் கண் அங்கேயே இருந்தது.

"மற்றவளுக்கு ஒண்ணும் இல்ல சார்," என்றாள் கடைசியில். "அம்மாவுக்குத்தான் தீனம் வந்தது போல இருக்கு."

தொண்ணூற்றெட்டு ஜனவரியில் ஆப்பரேசன் நடந்தது. காலையில் கொண்டுபோனவளை மூன்று மணிக்குப் பிறகுதான் வெளியே கொண்டுவந்தார்கள். பொன்னப்பன் அன்று சந்தைக்குப் போகவில்லை. வராந்தாவில் நின்றார், உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. விமலா கண் விழித்ததும் டாக்டர் அவளிடம் இங்கே பஸ்ஸில்தானே வந்தாய், வழியில் என்னென்ன ஊர் என்று கேட்டார். வீங்கின முகத்தோடு அவள் பாறசாலையிலிருந்து பாலராமபுரம் வரைக்கும் ஒரு ஊர் விடாமல் சொன்னாள். சொல்லி முடித்ததும் வாந்தி எடுத்தாள்.

எல்லாம் ஒரே நாளில் நேராகிவிடவில்லை. இரண்டு மாதம் தலைவலி இருந்தது. காரணமில்லாமல் அழுதாள். இடது பக்கம் மேல்மூலையில் அவளுக்குக் கொஞ்சம் பார்வை குறைந்துவிட்டது. அடுக்களையில் தொங்குகிற வாழைக்குலையில் போய் இடித்துக்கொண்டாள். அப்படி ஆகலாம் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார். பொன்னப்பன் குலையை வலப்பக்கம் மாற்றிக் கட்டினார். மாத்திரையும் நிற்கவில்லை. வலிப்பு மட்டும் நின்றது. ஒரு வாரம், ஒரு மாதம், ஓணம் என்று போயிற்று. வயிற்றுக்குள் ஏறுகிற அது இரண்டு தடவை எட்டிப் பார்த்தது. மார்புக்கு வராமல் திரும்பிப் போய்விட்டது. சரோஜம் அப்போதும் கல்லின்மேல் உட்கார்ந்துதான் இருந்தாள். "மக்கா" என்பதும் நிற்கவில்லை, உள்ளேயிருந்து பஸ் ஓடுவதும் நிற்கவில்லை.

ஒரு வருடம் கழித்துக் காட்டப் போனபோது விமலா டாக்டரிடம் கேட்டாள். "சார், அந்தக் கொண்டி?"

டாக்டர் கோப்பைப் பின்னோக்கிப் புரட்டினார். எழுதிவைத்த வரியைத் தேடிக் கண்டுபிடித்து, அதற்கு நேரே பேனாவால் ஒரு குறி போட்டார். "போடலாம். தண்ணீர்த் தொட்டி மட்டும் வேண்டாம், வாளி போதும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொன்னப்பன் ஆணி போடுகிற பழைய பிஸ்கட் டின்னை எடுத்துவந்தார். அடியில், எண்ணெய் தடவிக் காகிதத்தில் சுற்றி, அந்தக் கொண்டி இருந்தது. பன்னிரண்டு வருடம் அவர் அதை எறியாமல் வைத்திருந்தது வீட்டில் யாருக்கும் தெரியாது. கதவுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, நாலு துளைக்கு இரண்டு திருகாணி மட்டும் போட்டு முறுக்கினார்.

"பாக்கி ரெண்டு?" என்று ஷீனா கேட்டாள்.

"ரெண்டு போதும் மக்கா. ஒரு அவசரம்னா தோளால ஒரு தள்ளு தள்ளினா வந்திரும்."

"ஒண்ணு போதாதா?" என்றாள் சரோஜம்.

"பேசாம போ பிள்ளே," என்றார் பொன்னப்பன்.

சரோஜம் போகவில்லை. கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மடியைத் தொட்டுப் பார்த்தாள். தண்ணீர் சூடாக இருக்குமே, தரை வழுக்குமே, காலையில் மாத்திரை போட்டாளா என்று ஷீனாவிடம் மூன்று தடவை கேட்டாள். விமலா தோளில் துவர்த்துத் துண்டும் கையில் சோப்புப்பெட்டியுமாக வந்தாள். கொண்டியை ஒருமுறை போட்டுப் பார்த்தாள், எடுத்துப் பார்த்தாள். பிறகு ஷீனாவைக் கையால் கிட்டே கூப்பிட்டு, அம்மாவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"எடி, நீ எனக்கு ஒரு உபகாரம் செய்யணும். இன்னைக்கு நான் பஸ் விடமாட்டேன். உள்ள இருந்து ஒரு சத்தமும் வராது. தேங்கா திருவச் சொல்லு, மரச்சீனி வெட்டச் சொல்லு, என்னத்தையாவது சொல்லி அம்மாவைப் பத்து நிமிசம் அடுக்களையில பிடிச்சு வை. கூப்பிட விடாதே."